இடது கைக்கு இரண்டு வேலை

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் நடுச்சாலையில் அணைந்துபோனால், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை முதலில் பிடிக்க வேண்டுமா, வண்டியை முதலில் பிடிக்க வேண்டுமா? இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சோறு வடிக்கும்போதும் யோசிக்கிறேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. "ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம், அதென்ன வெளிநாடு மாதிரிப் பேசுக" என்று அம்மா சிரிக்கிறாள். கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய ஊர் வெளிநாடுதான் என்பது என் கட்சி. சோறு இங்கே சிவப்பாக, விரல் கனத்தில் இருக்கும். குடிக்கிற தண்ணீரும் சிவப்பு, அதுவும் சுடச்சுட. மருந்துப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது. போன வருடம் வரை மீனு அதை இருமல் மருந்து என்றே நினைத்திருந்தாள்.

மீனு என் மகள். நான்கு வயது. அவளுக்கு வீசிங் உண்டு. இந்தக் கட்டுரையில் நடக்கிற எல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

என் கணவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். கம்பெனி கழக்கூட்டத்தில் இருந்தபோது பக்கத்திலேயே வீடு பிடித்தோம். பிறகு கம்பெனி நகரத்தின் மறுகோடிக்கு மாறியது, நாங்கள் மாறவில்லை. ஹர்த்தால் நாளில் இங்கே காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பஸ், ஆட்டோ, கடை எதுவும் கிடையாது. அவர் அலுவலகத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை. கம்பெனி வேன் ஐந்து மணிக்கே வந்து ஊழியர்களை அள்ளிக்கொண்டு போகும். ஆறு அடித்த பிறகுதான் திருப்பிக் கொண்டுவரும். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு செல்போன், அது அவரிடம். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நானும் மீனுவும் மட்டும்தான்.

இருசக்கர வாகனங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்பது ஒரு ஆறுதல். எங்களிடம் ஒரு பழைய எண்பது சிசி மோட்டார் சைக்கிள் இருக்கிறது, பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டிய ரகம். கம்பெனி பெயர் வேண்டாம், அந்த மாடல் இப்போது வருவதும் இல்லை. கல்லூரி நாட்களில் என் அண்ணன் வண்டியில் ஓட்டிப் பழகியிருந்ததால் கியர் வண்டி எனக்குப் புதிதில்லை. புதிதானது பயம்தான். அது மீனுவோடு பிறந்தது.

திங்கட்கிழமை ஹர்த்தால். காலை ஒன்பது மணிக்கு மீனுவின் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. சிரப் கொடுத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. ஆவி மருந்து வைக்கும் மிஷின் ஸ்ரீகாரியத்தில் உள்ள குழந்தைகள் கிளினிக்கில்தான் இருக்கிறது. மீனுவை டேங்கின் மேல் உட்காரவைத்து, என் இரண்டு கைகளுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு கிளம்பினேன்.

காரியவட்டம் தாண்டும்போது வண்டி இரண்டு முறை தும்மியது. பின்னால் திரும்பினால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. மூன்றாவது தும்மலில் ஒரு குலுக்கலோடு அணைந்தது. இடது கை தானாகக் கிளட்சை அழுத்தியது. வலது பக்கம் சாய்ந்த வண்டியைக் காலை ஊன்றி, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால் டேங்கின் மேல் மீனு இல்லை.

இடது பக்கமாக நழுவி இறங்கி சாலையில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஹர்த்தால் சாலை காலியாக இருப்பதால் வருகிற ஒன்றிரண்டு கார்களும் கண்மண் தெரியாமல் வரும். அப்படி ஒன்று ஹாரனை அடித்தபடி அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அவளுடைய கவுன் அந்தக் காற்றில் பறந்ததைப் பார்த்தேன். அப்போதும் என் இரண்டு கைகளும் வண்டியின் மேல்தான் இருந்தன.

சற்றுத் தள்ளி, சாலையின் குறுக்கே கல்லை வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஹர்த்தால் நடத்துகிறவர்கள். எழுந்து எங்களை நோக்கி வந்தார்கள். கல் எறிந்தார்கள், காற்றைப் பிடுங்கினார்கள் என்று பேப்பரில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்து, வண்டியை ஸ்டாண்டில் தள்ளிவிட்டு மீனுவைத் தூக்கிக்கொண்டேன்.

"சேச்சி, குழந்தைக்கு என்ன?" என்று ஒருவர் மலையாளத்தில் கேட்டார்.

"வீசிங். ஆஸ்பத்திரி" என்றேன்.

"இந்தப் புகையை மோந்தா எனக்கே வீசிங் வரும்" என்றார் இன்னொருவர். "தோமா, பால் வண்டி வருது, கல்லை நகர்த்து."

பால் வண்டிக்கு ஹர்த்தாலில் விலக்கு உண்டு. பால் பெட்டிகளுக்கு நடுவில், காலடியில் ஐஸ் தண்ணீர் ஓட, கிளினிக் போய்ச் சேர்ந்தோம். என் மோட்டார் சைக்கிளை அவர்களே உருட்டிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தி, மாலை வரை அதன் சீட்டின் மேல் சீட்டாடியிருக்கிறார்கள். ஆறு மணிக்குப் பிறகு என் கணவர் எடுக்கப் போனபோது, "புகை ஃபாக்டரி உங்களுதா சாரே?" என்று கேட்டார்களாம்.

அன்று மாலைச் செய்தியில் வெள்ளிக்கிழமை மறுபடி ஹர்த்தால் என்றார்கள். வேறு கட்சி, வேறு காரணம். அதே ஆறிலிருந்து ஆறு. எனக்கு மூன்று நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். புகை அதிகம் என்று போன மாதமே அந்த மெக்கானிக் கார்பரேட்டரில் இருந்த ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்ன ஜெட் போட்டிருந்தார். ஜெட் என்பது பெட்ரோல் போகிற, நடுவில் துளையுள்ள ஒரு பித்தளைத் திருகு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். "இந்த மாடலுக்குச் சரியான ஜெட் எனக்குக் கிடைக்கலை சேச்சி. பழசையும் எங்கேயோ போட்டுட்டேன். சாலைக் கடைகளில் பாருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

சாலை என்பது இங்கே ஒரு பஜாரின் பெயர். மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் தார்ப்பாய் ஷட்டர். மழை வந்ததும் அத்தனை ஷட்டரும் ஒரே சமயத்தில் இறங்கி, பஸ்ஸுக்குள் இருட்டிவிட்டது. மீனு மூச்சு விடுகிறாளா என்று இருட்டில் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். "அம்மா, கூசுது" என்றாள். கூசுகிறது என்றால் மூச்சு இருக்கிறது.

ஐந்து ஸ்பேர் கடைகள் ஏறி இறங்கினேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கார்பரேட்டர் ஜெட் கேட்பதை எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். நான்காவது கடையில் ஜெட்டை ஜார் என்று கேட்டு, மிக்ஸி ஜார் எடுத்துக் காட்டினார்கள். ஐந்தாவது கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். என் பேச்சைக் கேட்டதுமே தமிழுக்கு மாறினார்.

"அந்த வண்டியாம்மா? இந்த ஊர்ல கிடைக்காது. அதையெல்லாம் எஸ்டேட்காரங்க மொத்தமா வாங்கினாங்க, மலை ஏறும்னு. மலையடிவாரத்துல வித்துரான்னு ஒரு ஊரு, அங்க செல்வின்னு ஒரு பொண்ணு, புருஷனும் அவளுமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கா. செத்த வண்டி எல்லாம் அவகிட்டதான் போவுது. அங்க போங்க."

"பொண்ணா அண்ணாச்சி?"

"நீங்களும் பொண்ணுதானம்மா, ஜெட் கேட்டு வந்திருக்கீங்க."

அன்று இரவு என் கணவர், "தெரியாத ஊருக்கு, தெரியாத ஆள்கிட்ட, புள்ளையையும் தூக்கிட்டா?" என்று கேட்டார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. மாதக் கடைசி. கணக்குக்காரருக்கு மாதக் கடைசியில் லீவு கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

புதன்கிழமை காலையில், வித்துராவிலிருந்து கழக்கூட்டம் சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்து காலியாகத் திரும்பும் ஒரு பிக்கப் வண்டியைப் பிடித்தேன். எங்கள் மோட்டார் சைக்கிளைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். நானும் மீனுவும் டிரைவருக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வளைவிலும் கயிறு அறுந்து வண்டி உருண்டுவிட்டதா என்று நான் திரும்பிப் பார்க்க, அவர் ஏழாவது முறை பொறுமை இழந்தார். "சேச்சி, நீங்க பின்னாடி பாருங்க, நான் முன்னாடி பார்க்கிறேன். ஆளுக்கொரு வேலை" என்றார்.

நெடுமங்காடு தாண்டியதும் காற்று குளிர்ந்தது. குளிர்ந்த காற்று மீனுவுக்கு ஆகாது. தொப்பி போட்டேன், ஜன்னலை ஏற்றினேன். உடனே கிழங்கு மண் வாடை. தூசியும் ஆகாது. இறக்கினேன். இப்படியே வித்துரா வந்து சேர்ந்தோம்.

ஒர்க்‌ஷாப் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. வாசலில் எலும்புக்கூடு மாதிரி ஏழெட்டு வண்டிகள், எல்லாம் எங்கள் வண்டியின் உடன்பிறப்புகள். செல்விக்கு என் வயதுதான் இருக்கும். நைட்டியின் மேல் பழைய ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். கடையம் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்து ஒன்பது வருடம். அவள் கணவர் முருகன் எங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்தார். அறை முழுக்கப் புகை. நான் மீனுவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"ஏக்கா, இது வண்டியா, கொசு மருந்து அடிக்கிற மிஷினா?" என்று செல்வி உள்ளிருந்து கேட்டாள்.

முருகன் சைலன்சரைக் கழற்றிச் சாய்த்தார். கறுப்பாக, கொழகொழவென்று ஒரு டம்ளர் எண்ணெய் வடிந்தது. "இதுல வடை சுடலாம் போல" என்றார். பிளக்கைக் கழற்றினார். அதுவும் நனைந்து கறுத்திருந்தது. "அதான் நிக்குது. பிளக் குளிச்சிக்கிட்டிருந்தா எப்படிப் பத்தும்?"

செல்வி என்னை ஸ்டூலில் உட்காரவைத்து விசாரிக்க ஆரம்பித்தாள்.

"ஆயில் யாரு ஊத்துதாக்கா?"

"நான்தான். அளந்து ஊத்துவேன். மீனுவோட மருந்து பாட்டிலோட வந்த மூடி இருக்கு. கோடு போட்ட மூடி. ஒரு லிட்டருக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுத்தான்." நான் வேதியியல் முதுகலை. அதையும் சொல்லிவைத்தேன்.

"பெட்ரோல் எங்க போடுதீங்க?"

எங்கள் பெட்ரோல் பங்க்கின் பெயரைச் சொன்னேன். அங்கே இரண்டு பம்ப் உண்டு. கார்களுக்குப் பெரிது, ஓரத்தில் சின்னதாக ஒன்று.

"எதுல போடுதாங்க உங்களுக்கு?"

"சின்னதுல."

செல்வி கணவனைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். செல்வி டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். பச்சையாக இருந்தது. இரண்டு விரலுக்கிடையே தேய்த்தாள். வழுக்கியது.

"அக்கா, அந்தச் சின்ன பம்ப்ல வாரதே ஆயில் கலந்த பெட்ரோல்தான், கேட்டோ. இந்த மாதிரி வண்டிக்குன்னு தனியா வச்சிருக்காங்க. நீங்க எதுக்குன்னு நெனச்சீங்க?"

சின்ன வண்டிக்குச் சின்ன பம்ப் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடமாக. எங்கள் ஊரில் ஆயில் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். இங்கே கேட்காமலே கலந்து தருகிறார்கள். பலகையில் எழுதித்தான் இருந்திருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பெட்ரோல் நிறைந்துவிடும்.

"அப்படின்னாலும் ரெண்டு பங்கு ஆயில்தான். இதுல அதுக்கும் மேல இருக்கு. வீட்டுல வேற யாரு ஊத்துதா?" என்றார் முருகன்.

யாரும் இல்லை என்றேன். செல்வி எதிரே இருந்த டெலிபோன் பூத்தைக் காட்டினாள். போய் என் கணவருக்குப் போன் செய்தேன்.

"வண்டிக்கு நீங்க ஆயில் ஊத்துவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். ஒரு மூடி. ஹர்த்தாலுக்கு முந்தின நாளும்" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நீ மறந்திருப்பியோன்னுதான். உங்க அண்ணனுக்கு ஆனது மாதிரி ஆயிரக் கூடாதில்லா."

என் அண்ணனுக்கு ஆனது இது: ஆரல்வாய்மொழி சாலையில் ஆயில் இல்லாமல் பிஸ்டன் இறுகி, பின் சக்கரம் பூட்டியது போல் நின்று, வண்டியோடு இழுபட்டுப் போனான். மணிக்கட்டில் இன்னும் பிளேட் இருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஆயில் என்றால் எனக்கு ஒரு சொட்டு கூடவே ஊற்றத்தான் கை வரும். அவருக்கும் அப்படித்தான் என்று பூத்துக்குள் நின்றபோதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து சொன்னேன். செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். "பெட்ரோல் பங்க்காரன் ஒண்ணு, நீங்க ஒண்ணு, உங்க வீட்டுக்காரரு ஒண்ணு. பாவம்க்கா அந்த இஞ்சினு. கல்யாண வீட்டுல மாத்தி மாத்தி எண்ணெய் வச்ச மாப்பிள்ளை மாதிரி நிக்குது."

முருகன் சிரிக்கவில்லை. சின்ன ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லுதேன், பயப்படாதீங்க" என்றார். இப்படித் தொடங்குகிற பேச்சைக் கேட்டுப் பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது. "இந்த ஜெட்டுல பெட்ரோல் பத்தாது. நீங்க ஊத்தின அதிக ஆயில்தான் இவ்வளவு நாள் பிஸ்டனைக் காப்பாத்தியிருக்கு. ஜெட்டை மாத்தாம ஆயிலை மட்டும் குறைச்சிருந்தீங்கன்னா, உங்க அண்ணன் கதைதான்."

அப்படியானால் நான் செய்தது தப்பா, சரியா? கேட்டேன். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

செல்வி ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தாள். செத்த எஸ்டேட் வண்டிகளிலிருந்து எடுத்த ஜெட்டுகள் மணி மாதிரிக் கொட்டின. ஒவ்வொன்றின் தலையிலும் பொடி எழுத்தில் ஒரு எண். லென்ஸ் வைத்துப் பார்த்து, எங்கள் வண்டிக்கானதைப் பொறுக்கினாள். துளை அடைத்திருந்தது. நான் சேப்டி பின்னைக் கழற்றி நீட்டினேன். "ஐயோ, கம்பியால குத்தினா துளை பெருசாயிரும்" என்று தட்டிவிட்டு, பெட்ரோலில் ஊறவைத்து, வாயில் வைத்து ஊதினாள். என் கண்ணுக்கு நேரே பிடித்து, "தெரியுதா வெளிச்சம்?" என்றாள். ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது.

மத்தியானம் அங்கேயே கப்பையும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். கப்பை என்பது மரவள்ளிக்கிழங்கு, எங்கள் ஊரில் மரச்சீனி என்போம். ருசி ஒன்றுதான். ஆனால் மீனுவின் தட்டில் நான் முள் பார்த்து, உதிர்த்து, மறுபடி முள் பார்த்து வைப்பதற்குள் செல்வியின் மகன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டான். செல்வி தமிழில் கேட்டதற்கெல்லாம் அவன் மலையாளத்தில் பதில் சொன்னான். "இவன்கிட்ட சண்டை போடணும்னாலும் நான் மலையாளத்துல யோசிக்கணும்க்கா" என்றாள்.

பழைய பெட்ரோலை வடித்து, சரியான அளவு ஆயில் கலந்ததை ஊற்றி, டியூனிங் முடிந்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மீனுவை முருகனிடமும் தன் மகனிடமும் விட்டுவிட்டு வரச் சொன்னாள் செல்வி. மாத்திரை, மருந்து, மூச்சு வாங்கினால் என்ன செய்ய வேண்டும் எல்லாவற்றையும் முருகனிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை அவரே திருப்பிச் சொன்னார்.

செல்வி பின்னால் உட்கார, நான் கல்லாறு வரை ஓட்டினேன். புகையில்லாத வண்டியை நான் ஓட்டியதே இல்லை. அதன் சத்தம் வேறாக இருந்தது, கணீரென்று. ஒவ்வொரு கணீருக்கும், ஆயில் இல்லாத பிஸ்டனின் சத்தம் இதுதானோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இடது கையில ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேல இருக்கட்டும்" என்று செல்வி காதில் கத்தினாள். "பிஸ்டன் பிடிச்சுதுன்னா அமுக்கிருங்க. சக்கரம் பூட்டாது, வண்டி உருண்டுகிட்டே நிக்கும். வேற எதையும் யோசிக்கக் கூடாது, கேட்டோ. முதல்ல கிளட்ச்."

"மீனு முன்னாடி இருப்பாளே. அவளைப் பிடிக்கிறதும் அந்தக் கைதான்."

இரண்டு வளைவு கழித்துச் செல்வி, "பின்னே, அதுக்கு நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

கல்லாற்றுக் கடையில் வண்டியை அணைத்துச் சூட்டோடு பிளக்கைக் கழற்றினாள். கடைப் பாட்டிலிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "இந்த நிறம்தான் வரணும். கறுத்தா ஆயில் கூடுதல், வெளுத்தா பெட்ரோல் குறைவு." பிளக் அசல் பிஸ்கட் நிறத்தில் இருந்தது. பிஸ்கட்டை ஊதிவிட்டு அவளே தின்றாள். கீழே பாறைகளுக்கு நடுவில் ஆறு ஓடியது. சுற்றுலா வந்தவர்கள் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தேன்.

கிளம்பும்போது செல்வி கையை நீட்டினாள். "ஆயில் பாக்கெட் பையில இருக்குல்லா? குடுங்க. உங்ககிட்ட இருந்தா ஊத்துவீங்க." கொடுத்தேன். மூடியையும் கேட்டாள். அது மீனுவின் மருந்து மூடி, கொடுக்க முடியாது என்றேன். "அப்ப நல்லாக் கழுவுங்க" என்றாள்.

மீனுவை முன்னால் வைத்து, பஸ்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வியாழக்கிழமை பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சின்ன பம்ப் அருகில் நின்றேன். "இதில் ஆயில் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார் ஊழியர். போட்டு முடித்ததும் இன்னொரு முறை கேட்டேன். கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி கேட்டேன். "சேச்சி, நேத்தும் இருந்தது, நாளைக்கும் இருக்கும். இன்னைக்கு நான் கையால கலக்கிக் காட்டணுமா?" என்றார். அன்று மாலை நானும் என் கணவரும் ஒரு ரப்பர் பேண்டை டேங்க் மூடியில் போட்டோம். யாராவது ஆயில் ஊற்றினால் அதைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டும். ஊற்றுகிற ஆசை வந்தால் ரப்பர் பேண்டைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வேன் வந்து அவரைக் கூட்டிப் போனது. ஏழு மணிக்கு மீனு எழுந்தாள். லேசாக இழுத்தது. நாள் முழுக்க வண்டி வாகனம் கிடையாதே என்று முன்னெச்சரிக்கையாக மூடியை நன்றாகக் கழுவி, சிரப் அளந்து கொடுத்தேன். எட்டரைக்கு அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இட்லியைப் பிடிக்க முடியவில்லை. நெஞ்சில் கைவைத்தால், தொட்டிக்குள் மீன் துள்ளுவது போல் இருந்தது. இப்படி ஒருநாளும் ஆனதில்லை.

வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. மீனுவைத் தூக்கி வைத்தேன். காரியவட்டத்தில் இந்த முறை கொடி வேறு, ஆட்கள் வேறு, கல் மட்டும் அதே கல். அதைப் பார்த்து பிரேக் அடித்தேன். என் இடது கை கிளட்சைத்தான் பிடித்தது. மீனு முன்னால் சரிந்து, ஹேண்டில்பாரில் நெற்றி இடித்து, தானே பிடித்துக்கொண்டாள். வண்டி அணையவில்லை. அவர்கள் கல்லை உருட்டி வழிவிட்டார்கள்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "வீசிங் அதிகம் இல்லை. மருந்து எத்தனை தடவை கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒரு தடவை."

"வேற யாராவது கொடுத்தாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வித்துராவில் ஸ்டூலில் உட்கார்ந்து, இதே கேள்விக்கு இதே பதிலைச் சொன்னது ஞாபகம் வந்தது. ரிசப்ஷன் போனில் என் கணவரைக் கூப்பிட்டேன்.

"காலையில் மீனுவுக்கு மருந்து கொடுத்தீங்களா?"

"நாலரைக்குக் கொடுத்தேன். நீ தூங்கிட்டிருந்த. ஹர்த்தாலாச்சேன்னு... கொஞ்சம் கூடவேதான்." பிறகு அவர் குரல் மாறியது. "ஏன்? நீயும் கொடுத்தியா?"

ஏழு மணிக்கு நானும் கொடுத்தேன் என்றேன். டாக்டர் போனை வாங்கி, ஆபத்து இல்லை, படபடப்பு தானாக அடங்கும், இரண்டு மூன்று மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னார். பிறகு அதையே என்னிடம் சொன்னார். நான் மறுபடி கேட்டதால் மறுபடியும் சொன்னார்.

பதினொன்றரை மணி வரை மீனுவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நெற்றியில் ஹேண்டில்பார் பட்ட இடம் மட்டும் சிவந்திருந்தது. வெளியே வண்டி நின்றிருந்தது. அதன் கீழே ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அன்று மாலை ஏழு மணிக்கு என் கணவர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மீனுவின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். பிறகு டேங்க் மூடியில் இருந்த ரப்பர் பேண்டை எடுத்துக்கொண்டு போய் சிரப் பாட்டிலில் போட்டார். அது இப்போது அங்கேதான் இருக்கிறது. கொடுத்தவர் கழற்ற வேண்டும்.

மருந்துக்கும் ஆயிலுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டோம். முதல் கேள்விதான் நிற்கிறது. துப்பட்டாவால் மீனுவை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொள் என்கிறார் என் கணவர். வண்டி சாய்ந்தால் கட்டோடு அதன் கீழே போவோமே என்று தோன்றுகிறது. பின்னால் உட்காரவைத்தால், தூங்கி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. கிளட்ச்தான் முதலில் என்று செல்வி சொன்னது சரி என்று மூளைக்குத் தெரிகிறது. இரண்டு முறையும் கை அதைத்தான் செய்தது. இரண்டு முறையும் மீனு நழுவினாள்.

குழந்தையை டேங்கின் மேல் வைத்துக் கியர் வண்டி ஓட்டுகிற தாய்மார்கள், தகப்பன்மார்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். வண்டி நின்றால் உங்கள் இடது கை எங்கே போகிறது? அதை எப்படிப் பழக்கினீர்கள்? அடுத்த ஹர்த்தால் என்றைக்கு என்று இங்கே யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதற்குள் எழுதினால் நல்லது.